வீட்டுக்கு வருகிற ‘பிசியோ’ படித்தவர்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

குத்தாலத்து மகள் எழுதியது:

அப்பாவுக்கு 67 வயது. போன ஆவணியில் ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரே ஒரு வரி.

வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சியைப் பிடித்தோம். ஒரு தடவைக்கு 500 ரூபாய். வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ‘பிசியோ’ என்று நூலில் தைத்திருந்தது. குணத்தில் குறை சொல்ல முடியாது, அப்பாவிடம் பிரியமாகத்தான் பேசுவார். ஆனால் வந்ததும் அப்பாவைப் படுக்க வைத்து, விழுந்த கையை மணிக்கட்டில் பிடித்துத் தலைக்கு மேலே வரை தூக்கி இழுப்பார். “இழுக்க இழுக்கத்தான்க்கா நரம்பு முழிக்கும்” என்பார். அப்பாவுக்குப் பேச்சும் போய்விட்டது. இடது கையால் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்ப்பார். நானும் பக்கத்தில் நின்று, “கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் இரவெல்லாம் முனகல். தோளைத் தொடவே விடவில்லை. வேறு டாக்டரிடம் காட்டியபோது, “தோள் மூட்டு இறங்கியிருக்கு. யார் கையைப் பிடிச்சு இழுத்தது?” என்று கேட்டார். அந்தத் தம்பியிடம் எங்கே படித்தாய் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். ஆறு மாத கோர்ஸாம், சர்டிபிகேட் இருக்கிறதாம்.

யார் வேண்டுமானாலும் ‘பிசியோ’ என்று போட்டுக்கொள்ளலாமா? இதற்குச் சட்டம் எதுவும் கிடையாதா? பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று இருந்தால் நம்பலாம் என்கிறார் சித்தப்பா. பிசியோக்கள் டாக்டர் என்று போடவே கூடாது என்று செய்தி வந்ததே என்கிறார் மாமா. அடுத்த ஆளை வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

---

கைப்பிடி எழுதியது:

சகோதரி, நான் பிசியோதெரபிஸ்ட். பத்தொன்பது வருடமாகத் திருச்சியில் வேலை பார்க்கிறேன். சட்டம் அப்புறம், முதலில் அப்பாவின் கை.

தோள் மூட்டு ஒரு பெரிய பந்து ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருப்பது போல. அதைச் சுற்றிலும் உள்ள தசைகள்தான் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. ஸ்ட்ரோக்கில் அந்தத் தசைகள் தளர்ந்துவிட்டால் கையின் எடையே பந்தைக் கீழே இறக்கிவிடும். அப்பாவை உட்கார வைத்து, தோள் எலும்பின் நுனிக்குக் கீழே உங்கள் ஆள்காட்டி விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். மூட்டு இறங்கியிருந்தால் ஒரு விரல் பதிகிற பள்ளம் தெரியும். இடது தோளில் அது இருக்காது. ஸ்ட்ரோக் நோயாளி வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பதில் இதுவும் ஒன்று. அந்தத் தோளை மணிக்கட்டில் பிடித்துத் தலைக்கு மேல் இழுக்கவே கூடாது. உட்காரும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள், கை தொங்க வேண்டாம். தூக்கி உட்கார வைக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். நீங்கள் நல்லதற்கென்றுதான் பொறுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். தெரிந்திருக்க வேண்டியவர் அவர்.

சட்டம் இருக்கிறது. தாமதமாக வந்த சட்டம். மருந்துக்கடைக்குப் பார்மசி சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. நர்சுகளுக்கு 1947-இல் நர்சிங் கவுன்சில் சட்டம். எங்களுக்கு மத்தியச் சட்டம் 2021-இல்தான், அதுவும் தனியாக இல்லை, லேப் டெக்னீஷியன், ரேடியோகிராபர் என்று பல தொழில்களோடு சேர்த்து. டெல்லி 1997-லும் மகாராஷ்டிரா 2002-லும் தங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தன. அங்கே பதிவு இல்லாமல் போர்டு மாட்டினால் கேட்க ஒரு கவுன்சில் இருந்தது.

2021 சட்டத்தின் அட்டவணையில் பிசியோதெரபிஸ்ட் என்றால் யார் என்றே எழுதியிருக்கிறது: குறைந்தபட்சத் தகுதி இளநிலைப் பட்டம், தனியாகவும் சிகிச்சை தரலாம், மற்ற மருத்துவர்களோடு சேர்ந்தும் தரலாம். பட்டம் என்றால் பி.பி.டி. நான் படித்தபோது நான்கு வருடம், மேலே ஆறு மாத இன்டர்ன்ஷிப். ஆறு மாத சர்டிபிகேட்டுக்கு அந்த வரையறையில் இடமே இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் பதிவு பெற்றவர் போலக் காட்டிக்கொள்வதும், தகுதி இல்லாமல் பட்டத்தைப் போட்டுக்கொள்வதும் அந்தச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

ஆனால் பதிவேடு நடைமுறைக்கு வந்தால்தானே சட்டம் வேலை செய்யும்? ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது. பல மாநிலங்கள் நகரவில்லை. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இரண்டு மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தச் சொல்ல வேண்டி வந்தது. இந்த இடைவெளியில்தான் ஆறு மாத கோர்ஸ்கள் பிழைக்கின்றன. எனக்கு அந்தத் தம்பி மீது கோபமில்லை. அவனிடம் காசு வாங்கிக்கொண்டு சர்டிபிகேட் கொடுத்த இடத்தின் மீதும், அவனை 500 ரூபாய்க்கு உங்கள் வீட்டுக்கு அனுப்பிய ஏஜென்சியின் மீதும்தான் கோபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிசியோவுக்குப் போவதைக் ‘கரண்ட் வைக்கப் போறேன்’ என்பார்கள். தொழிலுக்கு மெஷினின் பெயர் விழுந்துவிட்டது. அதனால் மெஷின் வாங்கியவரெல்லாம் அந்தத் தொழில்காரர் ஆகிவிடுகிறார். என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு, உணர்ச்சியே இல்லாத காலில் ஒருவர் சூடு ஒத்தடம் வைத்துக் கொப்புளமாக்கியிருந்தார். சர்க்கரை நோயாளிக்குச் சூடு வைப்பதற்கு முன் ஒரு சோதனைக்குழாயில் வெந்நீரும் இன்னொன்றில் குளிர்ந்த நீரும் எடுத்து, தொட்டால் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. அது தெரிவதற்குத்தான் அந்த நாலரை வருடம்.

புது ஆளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: பி.பி.டி. எந்தக் கல்லூரி, எந்தப் பல்கலைக்கழகம்? தமிழ்நாட்டில் படித்தவர் என்றால் பெரும்பாலும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமாக இருக்கும். பட்டச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சிலர் ‘இந்திய பிசியோதெரபிஸ்ட்கள் சங்கம்’ உறுப்பினர் அட்டையைக் காட்டுவார்கள். 1955-இல் தொடங்கிய மதிப்பான சங்கம், நானும் உறுப்பினர்தான். ஆனால் அது சங்க அட்டை, அரசு உரிமம் கிடையாது. அப்புறம், முதல் நாள் வந்தவர் டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கிறாரா, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து எழுதிக்கொள்கிறாரா என்று பாருங்கள். எதுவும் கேட்காமல் நேராகக் கையைப் பிடித்தால் அனுப்பிவிடுங்கள்.

---

ஹாரோ தமிழச்சி எழுதியது:

நான் லண்டனில் வார்டு நர்ஸ். இங்கே ‘பிசியோதெரபிஸ்ட்’, ‘பிசிகல் தெரபிஸ்ட்’ இரண்டுமே சட்டப் பாதுகாப்புள்ள பெயர்கள். எச்.சி.பி.சி. என்ற அமைப்பின் பதிவேட்டில் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் குற்றம், அபராதம் விழும். பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெயரைத் தட்டினால் போதும், பதிவு எண் ‘பி.எச்.’ என்று தொடங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் இங்கேயும் ஓட்டை உண்டு. சட்டம் காப்பது அந்தப் பெயரைத்தான். அதே ஆள் ‘ஸ்போர்ட்ஸ் தெரபிஸ்ட்’ என்று போட்டுக்கொண்டு கடை திறந்தால் அந்தச் சட்டம் தொடாது. அதனால் என் மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆனபோது போர்டைப் பார்க்காமல் பதிவேட்டைத்தான் பார்த்தேன்.

---

வெண்கோட்டு எழுதியது:

நான் எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர். கைப்பிடி சார் ‘டாக்டர்’ விஷயத்தைத் தொடவில்லையே. மறுவாழ்வு மருத்துவம் என்று எங்களில் தனி எம்.டி. இருக்கிறது. பிசியோவும் டாக்டர் என்று போட்டால் நோயாளி யாரிடம் எதற்குப் போவது என்று குழம்புவார். முதுகுவலி என்று போகிறவருக்கு உள்ளே கட்டி இருந்தால்? இந்தப் பயம் உண்மையானது.

---

கைப்பிடி எழுதியது:

பயம் நியாயமானதுதான் சார். அப்படிப்பட்ட முதுகுவலியை அடையாளம் கண்டு உங்களிடம் அனுப்புவதும் எங்கள் படிப்பில் இருக்கிறது.

நடந்ததைச் சகோதரிக்குச் சொல்லிவிடுகிறேன். 2025-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில், பிசியோக்கள் பெயருக்கு முன் ‘டாக்டர்’, பின்னால் ‘பி.டி.’ என்று போடலாம் என்று இருந்தது. செப்டம்பர் 9-ஆம் தேதி மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம், அது 1916-ஆம் வருட மருத்துவப் பட்டங்கள் சட்டத்துக்கு எதிரானது, போடக்கூடாது என்று கடிதம் எழுதியது. மறுநாளே, மேலும் ஆராய வேண்டும் என்று அதைத் திரும்பப் பெற்றது. உங்கள் மாமா பார்த்தது முதல் நாள் செய்தியாக இருக்கும்.

என் போர்டில் பெயரும் பின்னால் பி.பி.டி., எம்.பி.டி.யும் மட்டும்தான். தமிழில் இந்தச் சண்டை இன்னும் சிக்கல். ‘இயன்முறை மருத்துவர்’ என்ற சொல்லிலேயே மருத்துவர் இருக்கிறார். ‘இயன்முறை சிகிச்சையாளர்’ எனக்கு நெருக்கமாகப் படுகிறது. என் கூட்டாளிகள் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் சங்கக் கூட்டம் என்றால் இரண்டு மணி நேரம் ‘டாக்டர்’ பற்றியே பேசுகிறோம். ‘பிசியோ’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் சட்டையில் தைத்துக்கொள்வது பற்றிப் பத்து நிமிஷம் பேசுவதில்லை. சகோதரியின் அப்பாவின் தோளை இறக்கியவர் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டிருக்கவில்லை.

ஏஜென்சி கொடுத்த ரசீது, வாட்ஸாப் செய்தி, இரண்டாவது டாக்டர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். காசு கொடுத்து வாங்கிய சேவை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலவழிக்க முடியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் அதில் உண்டு.

---

குத்தாலத்து மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கைப்பிடி அண்ணா சொன்ன மாதிரி விரல் வைத்துப் பார்த்தேன். வலது தோளில் பள்ளம் இருக்கிறது, இடது தோளில் இல்லை.

ஏஜென்சிக்குப் போன் செய்து, அனுப்பிய ஆளின் பட்டத்தைக் காட்டச் சொன்னேன். “மேனேஜர் கூப்பிடுவார்” என்றார்கள். நான்கு நாளாகிறது, கூப்பிடவில்லை. ரசீதில் ‘பிசியோதெரபி கட்டணம்’ என்று அச்சடித்தே இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன்.

சுகாதார நிலையத்தில் கேட்டு, நேற்று ஒரு அக்கா வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். டிஸ்சார்ஜ் சீட்டை இரண்டு தரம் படித்தார். முக்கால் மணி நேரத்தில் அப்பாவின் வலது கையை ஒருமுறைகூட இழுக்கவில்லை. தலையணையை மடித்து முழங்கைக்குக் கீழே வைத்துவிட்டு, அப்பாவின் இடது கையை எடுத்து வலது கையின் மேல் வைத்து, “நீங்களே பிடிச்சுக்கோங்க ஐயா” என்றார். அப்பா பிடித்துக்கொண்டார். ராத்திரி இரண்டு மணி வரை முனகாமல் தூங்கினார்.