லொக் பீ மட்டும் வச்சு மருந்து கொலத்தில எப்ப வரும் எண்டு சொல்லேலுமோ?

உப்புவெளி_மாணவி:
வணக்கம், நான் திருகோணமலை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு பரசிற்றமோல், இபுப்ரோபன், ப்ரொப்ரனலோல் மூண்டையும் சி18 கொலத்தில (18 கார்பன் சங்கிலி ஒட்டின சிலிக்கா நிரப்பின குழாய், எண்ணெய்த்தன்மை கூடினது பிந்தி வரும்) ஓட்டப் போறன், ஓடுற கரைசல் மெதனோலும் பிஎச் 7.4 பஃபரும். லொக் பீ (மருந்து தண்ணியை விட ஒக்டனோலில எவ்வளவு கூடக் கரையும் எண்ட விகிதத்தின்ர லொக்) பாத்தா பரசிற்றமோல் 0.5, ப்ரொப்ரனலோல் 3.5, இபுப்ரோபன் 4 கிட்ட, அப்ப இந்த ஒழுங்கிலதான் வெளிய வருமோ? இதை வச்சே மென்சவ்வுக்குள்ள எவ்வளவு போகும் எண்டும் சொல்லலாமோ?

லாப்_அண்ணை:
வராது தங்கச்சி. லொக் பீ சார்ஜ் இல்லாத மூலக்கூறுக்கு மட்டும்தான். இபுப்ரோபன் அமிலம், பிகேஏ (பாதி அயனாகிற பிஎச்) 4.5 அளவு, 7.4 இல கிட்டத்தட்ட முழுக்க அயனாகிடும், லொக் டீ (அந்த பிஎச்சில சார்ஜ் உள்ளதையும் சேத்துப் பாக்கிற லொக் பீ மாதிரி அளவு) 1 கிட்ட இறங்கிடும். ப்ரொப்ரனலோல் மூலம் (பேஸ்), பிகேஏ 9.5, அதுவும் சார்ஜோடதான் நிக்கும் ஆனா லொக் டீ 1.3, 1.4 வரும். அதோட சிலிக்காவில மிச்சமிருக்கிற சிலனோல் (சிலிக்கா மேற்பரப்பு OH கூட்டம்) ப்ரொப்ரனலோலின்ர அமீனைப் பிடிச்சு இழுக்கும், பீக் வால் விடும். அதால இபுப்ரோபனுக்குப் பிறகுதான் ப்ரொப்ரனலோல் வரும் எண்டு நான் எதிர்பாப்பன். முதல்ல பிகேஏயைப் பாருங்கோ, பிறகு லொக் பீ.

நிலாவெளி_அக்கா:
அண்ணை சொன்னது சரி. ஒரே மெதனோல் அளவில எடுத்த ரிடென்சன் ரைமை (கொலத்தால வெளிய வர எடுக்கிற நேரம்) நம்பாதேங்கோ பிள்ளை, 50, 60, 70 வீதத்தில ஓட்டி, கொலத்தில ஒட்டாத யுராசில் போட்டு டெட் ரைம் (ஒட்டாதது வெளிய வாற நேரம்) எடுத்து, லொக் கே (டெட் ரைமை விட எத்தனை மடங்கு கூட நேரம் பிடிபட்டு நிண்டது எண்டதின்ர லொக்) கணிச்சு கோடு கீறி மெதனோல் பூச்சியத்துக்கு நீட்டுங்கோ, அந்தப் பெறுமானத்தைத்தான் லொக் டீயோட ஒப்பிடலாம். மெதனோல் நல்லாக் குறையேக்க கோடு வளையும், அதையும் ரிப்போட்டில எழுதுங்கோ.
மென்சவ்வு வேற கதை. ஒக்டனோல் வெறும் திரவம், மென்சவ்வில பொஸ்பேட் தலைகள் இருக்கு, ப்ரொப்ரனலோலின்ர நேர் சார்ஜ் அங்க போய் ஒட்டும், அதால ஒக்டனோல் லொக் டீ சொல்லுறதை விடக் கூடவே உள்ள நிக்கும். மென்சவ்வுக் கொழுப்பான பொஸ்பற்றிடைல்கோலின் கட்டின ஐஏஎம் (செயற்கை மென்சவ்வு) கொலம் வச்சுப் பாக்கிறது அதுக்குத்தான். ஆனா உள்ள ஒட்டி நிக்கிறது வேற, கடந்து மற்றப் பக்கம் போறது வேற, அதுக்கு பாம்பா எண்டு, செயற்கை மென்சவ்வைக் கடக்கிறதை அளக்கிற, 1998 இல வந்த முறை இருக்கு.

உப்புவெளி_மாணவி:
பெரிய நன்றி அக்கா, அண்ணை. அப்ப பிஎச் 3 லயும் ஒருக்கா ஓட்டினா?

லாப்_அண்ணை:
கட்டாயம் ஓட்டுங்கோ. இபுப்ரோபன் சார்ஜ் இழந்து நல்லாப் பிந்தும், ப்ரொப்ரனலோல் முந்தி வந்திடும். சிலனோலும் அடங்கும், பீக் வடிவா இருக்கும்.