எலாஸ்டிக்சர்ச் 7.10-லேயே நிற்கிறோம், இனி எந்தப் பக்கம் போவது?

கேள்வி:
வணக்கம். எங்களுடையது தமிழ்ப் புத்தகங்கள் விற்கும் சின்ன இணையக்கடை. தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் 7.10 வைத்திருக்கிறோம், சர்வர் லாக்கும் (சர்வரில் நடப்பவற்றின் பதிவு) அதே கிளஸ்டரில்தான் (சர்வர் கூட்டம்) சேர்கிறது. போன மாதம் டிஸ்க் நிறைந்து இரண்டு நாள் புதுப் புத்தகம் எதையும் ஏற்ற முடியவில்லை. எலாஸ்டிக்கிலேயே மேலே போவதா, ஓப்பன்சர்ச்சுக்கு மாறுவதா? லைசென்ஸ் சண்டை பற்றிப் படித்ததிலிருந்து பயமாகவும் இருக்கிறது. இன்னொன்று, ‘மரம்’ என்று தேடினால் ‘மரங்கள்’ என்று தலைப்புள்ள புத்தகம் வருவதில்லை.

பதில் 1:
லைசென்ஸுக்காகப் பயப்படாதீர்கள். 2021 ஜனவரியில் எலாஸ்டிக் நிறுவனம் அப்பாச்சி 2.0 என்ற திறந்த மூல லைசென்ஸை விட்டு வெளியேறப் போவதாக அறிவித்தது, 7.11-இலிருந்து அது நடப்புக்கு வந்தது. அதனால் அமேசான் 7.10-ஐ எடுத்துத் தனியாக வளர்த்ததுதான் ஓப்பன்சர்ச். 2024-இல் எலாஸ்டிக் ஏஜிபிஎல் என்ற திறந்த மூல லைசென்ஸையும் சேர்த்துக்கொண்டது, அடுத்த மாதமே ஓப்பன்சர்ச் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடைக்குள் போனது. உங்கள் கடைக்குள் மட்டும் பயன்படுத்துவதென்றால் இரண்டுமே சரிதான். கவனிக்க வேண்டியது வழி. எலாஸ்டிக் 8-க்கு நேராகத் தாவ முடியாது, முதலில் 7.17. ஓப்பன்சர்ச் 3-க்கும் அப்படித்தான், 7.10-இல் உருவான இன்டெக்ஸை (தேடலுக்கான அட்டவணை) அது திறக்காது, 2-ஆம் பதிப்பில் ரீஇன்டெக்ஸ், அதாவது மறுபடி இன்டெக்ஸ், செய்துவிட்டுத்தான் போக வேண்டும். ஓப்பன்சர்ச் என்றால் கிளையன்ட் லைப்ரரியையும் (உங்கள் நிரல் தேடல் சர்வரோடு பேச உதவும் தொகுப்பு) மாற்றுங்கள், எலாஸ்டிக்கின் 7.14-க்குப் பிந்தைய கிளையன்ட்கள் எதிரே இருப்பது எலாஸ்டிக்தானா என்று பார்த்து, இல்லையென்றால் பேச மறுத்துவிடும்.

பதில் 2:
எதற்கு மாறினாலும் லாக்கை அங்கே வைத்தால் இதே கதைதான். டிஸ்க் 95 சதவீதம் தாண்டினால் இன்டெக்ஸில் புதிதாக எதையும் எழுத விடாது, அதுதான் இயல்பான அமைப்பு, உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும். ஒரு வாரத்து லாக் மட்டும் கிளஸ்டரில் இருக்கட்டும், மீதியைப் பார்க்கெட் என்ற வடிவக் கோப்பாக்கி அமேசானின் எஸ்3 சேமிப்பில் போடுங்கள். பார்க்கெட் நெடுவரிசை வாரியாகச் சேமிப்பதால் கேட்ட நெடுவரிசையை மட்டும் படித்தால் போதும். எஸ்3 கோப்புகளில் நேராகக் கேள்வி கேட்க உதவும் அமேசானின் அத்தீனா, படித்த டேட்டா அளவுக்குத்தான் காசு வாங்கும், அதனால் இங்கே பில் நேராகக் குறையும். அதுவும் வேண்டாமென்றால் டக்டிபி என்ற சின்ன டேட்டாபேஸை உங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்க்கெட்டை எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியில் கேட்கலாம், தனி சர்வர் எதுவும் வேண்டாம். மாத முடிவில் எந்தப் புத்தகத்தை எத்தனை பேர் தேடினார்கள் என்று பார்க்க நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

பதில் 3:
தமிழ்த் தேடல்தான் என் கவலை, அதைப் பலரும் கடைசியில் வைக்கிறார்கள். எலாஸ்டிக்கோடு வரும் மொழிப் பட்டியலில் இந்தி, வங்காளம் இருக்கின்றன, தமிழ் இல்லை. அதனால் மரம், மரங்கள், மரத்தில் மூன்றும் அதற்கு மூன்று தனிச் சொற்கள். முன்னொட்டு என்-கிராம் (சொல்லின் தொடக்கத் துண்டுகளையும் இன்டெக்ஸ் செய்வது) ஓரளவு உதவும், ஆனால் ‘மர’ என்று சின்னதாக வெட்டினால் மரபும் மரணமும் சேர்ந்து வந்து நிற்கும், மூன்று நான்கு எழுத்து நீளத்தில் வைத்தால் மரமும் மரங்களும் சேராது, நீளத்தை மாற்றிச் சோதித்துப் பாருங்கள். அப்புறம் ஐசியு நார்மலைசரை (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் கருவி) மறக்கவே கூடாது. ‘கொ’ என்பதன் குறியைச் சிலர் ஒரே குறியீடாகவும் சிலர் ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகவும் உள்ளிட்டிருப்பார்கள், கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், தேடினால் கிடைக்காது. பொருள் சார்ந்து தேட பன்மொழி மாதிரியோடு வெக்டர் தேடலும் (உரையை எண்களாக்கிப் பொருள் நெருக்கம் பார்ப்பது) எலாஸ்டிக், ஓப்பன்சர்ச் இரண்டிலும் இருக்கிறது, ஆனால் சொல் தேடலை எடுத்துவிடாமல் அதோடு கலந்து வையுங்கள், ஆசிரியர் பெயரைத் தேடுபவருக்கு அந்தப் பெயரேதான் வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. முதலில் லாக்கைப் பிரித்து எடுக்கிறேன், அது இன்றைக்கே முடியும். நார்மலைசர் போட்டால் பழைய புத்தகப் பட்டியலையும் மறுபடி இன்டெக்ஸ் செய்ய வேண்டுமா?

பதில் 3:
ஆமாம், செய்தாக வேண்டும். பதிப்பு மாற்றத்துக்காக ரீஇன்டெக்ஸ் செய்யப் போகிறீர்கள் என்றால், அந்த ஓட்டத்திலேயே இதையும் சேர்த்துவிடுங்கள்.