மறுமொழி: ‘ப்ரீ-அவுட்’டுக்குத் தமிழில் என்ன? முன்வெளியீடு வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக்கு ஸ்டீரியோ வாங்குவது பற்றிய கட்டுரைக்குக் நீங்கள் கேட்டிருந்த தமிழ்ச் சொற்களில் மற்றவை ஏறக்குறைய முடிந்துவிட்டன, ஆம்ப்ளிஃபயரின் (சுருக்கமாக ஆம்ப்) பின்பக்கம் இருக்கும் ‘ப்ரீ-அவுட்’ (pre-out) என்ற இணைப்பு மட்டும்தான் இழுத்துக்கொண்டே போகிறது. ‘முன்வெளியீடு’ என்று போட்டு முடித்துவிடலாம் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சம்மதமில்லை. புத்தகம் வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு முன்வெளியீடு என்றால், நூல் அச்சாகி வரும் முன்பே பதிப்பகத்தில் பணம் கட்டிச் சலுகை விலையில் பதிவு செய்துகொள்ளும் திட்டம்தான். அந்தப் பொருள் ஊறிப்போய்விட்டது. அது கூடப் பரவாயில்லை, எதற்கு முன் என்பதை அந்தச் சொல் சொல்லவே இல்லை, அதுதான் பெரிய குறை.

கடையில் வாங்குகிற ஸ்டீரியோ ஆம்ப் வெளியே பார்க்க ஒரே பெட்டி, உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. முதல் பாதி, சிடி, டிவி, ரெக்கார்டு பிளேயர் என்று வருகிறவற்றில் ஒன்றைத் தேர்ந்து, வால்யூம் குமிழ் வழியாக அளவு பார்த்து அனுப்பும். இரண்டாம் பாதி அதை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலுவாக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து சிக்னலை வெளியே எடுத்துக்கொள்ள வைத்திருக்கும் ஓட்டைதான் ப்ரீ-அவுட். அது இருந்தால், இன்றைக்குக் கையில் உள்ள காசுக்குச் சின்ன ஆம்ப் வாங்கிய ஒருவர், நான்கு வருடம் கழித்து, அந்தச் சின்ன ஆம்ப் திணறக்கூடிய 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றின் மேல் ஆசைப்பட்டால், பழையதைத் தூக்கிப் போடாமல் தனியாக ஒரு பவர் ஆம்பை (இரண்டாம் பாதி மட்டும் உள்ள பெட்டி) சேர்த்துக்கொள்ளலாம், அல்லது அடித்தொனிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரைக் கோக்கலாம். கட்டுரையின் உயிரே இந்த ஓட்டையில்தான் இருக்கிறது என்பேன்.

சிக்கல் என்னவென்றால் பல ஆம்ப்களில் அதற்குப் பக்கத்திலேயே ‘ரெக் அவுட்’ என்று இன்னொரு ஜோடி இருக்கும், அதே சிவப்பும் வெள்ளையும், அதே அளவு. அது வால்யூம் குமிழுக்கு முன்பே பிரிந்து வருவது, டேப்பில் பதிவு செய்வதற்காக வைத்தது. பவர் ஆம்பைத் தெரியாமல் அதில் சொருகினால் குமிழை எவ்வளவு குறைத்தாலும் குறையாது, முழுச் சிக்னலும் அப்படியே போகும், ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் கருகினாலும் ஆச்சரியமில்லை. ஆக, குமிழுக்குப் பின்னால், வலுவாக்கும் பாதிக்கு முன்னால் என்கிற இடம் சொல்லிலேயே தெரிந்தால் நல்லது. அதனால் என் பரிந்துரை ‘இடைவாய்’, அந்த இரண்டு பாதிக்கும் இடையில் உள்ள வாய். குடத்துக்கு வாய், பைக்கு வாய், வாய்க்காலுக்கும் வாய் என்று புழங்குகிறவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது, கடைக்காரரிடம் கேட்கும்போது நாக்கும் இடறாது.

இன்னொரு வசதியும் உண்டு. பழைய ஆம்ப்கள் சிலவற்றில் வெளியே எடுக்க ஒரு ஜோடி, திரும்ப உள்ளே கொடுக்க ஒரு ஜோடி, இரண்டும் பின்பக்கம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 1978இல் வந்த என்ஏடி (NAD) கம்பெனியின் 3020 என்ற ஆம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஹேர்பின் போல வளைந்த இரண்டு உலோகத் துண்டுகள் அந்த இரு ஜோடிகளையும் இணைத்துக்கொண்டு நிற்கும். அவற்றை யாராவது கழற்றித் தொலைத்துவிட்டால் விளக்கு எரியும், சத்தம் வராது, ஆம்ப் செத்துவிட்டது என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். (செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள் கவனிக்க!) இடைவாய் என்று வைத்தால் இதற்கும் ‘வெளி இடைவாய்’, ‘உள் இடைவாய்’ என்று சுலபமாகப் பிரித்துவிடலாம். முன்வெளியீட்டுக்கு எதிர்ச்சொல் என்ன, பின்னுள்ளீடா?

சப்வூஃபருக்கு மட்டும் ஒற்றை ஓட்டை வைத்துவிட்டு அதையும் ப்ரீ-அவுட் என்றே எழுதுகிற கம்பெனிகள் இருக்கின்றன. ஸ்டீரியோ பவர் ஆம்ப் சேர்க்க அது உதவாது, இடம் வலம் என்று இரண்டு வேண்டும். எனவே ‘ஒற்றை இடைவாய்’, ‘இரட்டை இடைவாய்’ என்று கட்டுரையில் பிரித்தே எழுதிவிடலாம்.

அடுத்து, பவர் ஆம்ப். இலங்கை நண்பர் ‘வலு விரியலாக்கி’ என்று எழுதியிருந்தார். ஆம்ப்ளிஃபயருக்கு விரியலாக்கி அங்கே பாடப்புத்தகச் சொல், இங்கே பெருக்கி, இதை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை, இரண்டையும் ஒருமுறை சொல்லிவிட்டு ஒன்றைத் தொடரலாம். ஆனால் ‘வலு’ எனக்குப் பிடித்திருக்கிறது. பவருக்கு நம் பாடப்புத்தகத்தில் உள்ள ‘திறன்’ இப்போது திறன் மேம்பாடு, திறன் பயிற்சி என்று வேறு பக்கம் போய்விட்டது. ஆம்ப்பின் முதல் பாதி (ப்ரீஆம்ப்) முற்பெருக்கி, இரண்டாம் பாதி (பவர் ஆம்ப்) வலுப்பெருக்கி. ‘ஆற்றல் பெருக்கி’ மட்டும் வேண்டவே வேண்டாம், வாட் என்பது ஆற்றலின் அலகு இல்லை.

வாட் என்றதும் ஞாபகம் வருகிறது, கட்டுரையின் வரைவில் “பின்னாளில் 40 வாட்டிலிருந்து 80 வாட்டுக்கு மாறினால் சத்தம் இரட்டிப்பாகும்” என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். வாட் இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல், காதுக்குக் கொஞ்சம் கூடினாற்போல இருக்கும், அவ்வளவுதான். இரட்டிப்பாகக் கேட்கச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அதைவிட, 85 டெசிபல் உணர்திறன் (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 88 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்தால் அந்த 3 டெசிபல் சும்மாவே கிடைத்துவிடும். பிஎம்பிஓ (PMPO, கண நேர உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் வாட் எழுதி டூ-இன்-ஒன் விற்ற காலத்தின் மிச்சம் இந்த மயக்கம்.

ஸ்பீக்கரோடு சேர்த்தே விற்கிற ‘எல்லாம் ஒன்றில்’ வகைப் பெட்டிகளைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. ஸ்பீக்கர் ஒயருக்குத் தனக்கே உரிய பிளக் வைத்து வருகிறவற்றில் பெரும்பாலும் இடைவாயும் இருக்காது, வேறு ஸ்பீக்கரையும் சுலபமாக மாட்ட முடியாது, ஒரே பத்தி போதும்.

இடைவாய்க்கு மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள், வேறு சொல் இருந்தாலும் சரி. ஆனால் ரெக் அவுட்டிலிருந்து அது எப்படிப் பிரிந்து நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.