"ஒதுக்கக் காடா? யாருக்கு ஒதுக்கியிருக்காங்க?" – வனக் கொள்கையை லயத்தில் எப்படிச் சொல்வது?

தலவாக்கலைப் பொண்ணு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில் ஓர் அரச அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். அதனாலேயே இந்த வேலை என் தலையில் விழுந்தது. "நீங்க அந்தப் பக்கம்தானே, போய் விளங்கப்படுத்துங்க" என்று ஒரு பெட்டி துண்டுப்பிரசுரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

போன மாதம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். தராசில் கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்த பெண்கள் முப்பது பேர் இருக்கும். தலையில் போர்த்தும் கொங்காணியின் ஈரம்கூடக் காயவில்லை. நான் சுவரில் படம் போட்டு, 1990இல் இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதை அரசு நிறுத்தியது, 1995இல் தேசிய வனக் கொள்கை வந்தது, 2010இல் சிவனொளிபாதமலை, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றையும் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அதற்குள் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விடியற்காலை நாலு மணிக்கு எழும்பியவர்கள்.

அப்புறம் "மேலே இருப்பது ஒதுக்கக் காடு" என்றேன். முன் வரிசையில் இருந்த ஓர் அம்மாயி நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒதுக்கியிருக்கிறது யாருக்கு மகள்? நமக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணி "ஒதுக்கியாச்சு" என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருப்பவர் அவர். அவருக்கு ஒதுக்கல் என்றால் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். தொடாதே என்பதற்கு நாங்கள் அதே சொல்லைப் போட்டு வைத்திருக்கிறோம்.

துண்டுப்பிரசுரத்தில் "வன உற்பத்திப் பொருட்களைச் சேகரித்தல்" என்று ஒரு வரி. உற்பத்தி என்றதும் பெக்டரி சாமான் என்று நினைத்தார்களாம். விறகு என்று எழுதியிருந்தால் ஒரே சொல்லில் முடிந்திருக்கும். "நிலைபேறான வன முகாமைத்துவம்" பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அடுத்து இதையே மேலே மரக்கறி செய்யும் சிங்களக் கிராமத்திலும், பாடசாலையிலும் சொல்ல வேண்டும். கிராமத்தாருக்கு மொழி விளங்கும். ஆனால் அவர்கள் கேட்பது "தோட்டத்து ஆட்கள் விறகு எடுக்கும்போது எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீங்க?" என்று. தோட்டத்தில் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார்கள். பயமுறுத்தாமலும் பொய் சொல்லாமலும் எப்படிச் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய கணக்கப்பிள்ளை (ஹட்டன்):

மகள், முப்பத்தாறு வருஷம் மலையில் நின்றவன் சொல்கிறேன். நிலைபேறு என்றால் என்னவென்று அந்தப் பெண்களுக்கு நீங்கள் படிப்பிக்க வேண்டாம், அவர்கள் உங்களுக்குப் படிப்பிப்பார்கள். மட்டக்கம்பை வைத்து அதற்கு மேலே வந்ததை மட்டும் பறிக்கிறார்கள், கீழே உள்ள இலையில் கை வைப்பதில்லை. ஏன் என்று கேளுங்கள். "அதையும் பறிச்சா செடி எதைத் தின்னும்?" என்பார்கள். கவ்வாத்து வெட்டிய மலைக்குள் துளிர் வரும்வரை கொழுந்துக்கு யாரும் போவதில்லை. அதைத்தான் உங்கள் கொள்கை பத்துப் பக்கத்தில் சொல்கிறது.

இன்னொன்று. தொடங்கும்போது யுனெஸ்கோவில் தொடங்காதீர்கள், கோப்பிக் காலத்தில் தொடங்குங்கள். இந்த மலைக் காட்டை வெட்டவென்றே நம்ம ஆட்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தான் வெள்ளைக்காரன். 1869இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது. தேயிலை அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் கையால் ஆரம்பமாகிவிட்டது. 1873இல் லண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளர் ஹூக்கர் எச்சரித்த பிறகுதான் 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டக்கூடாது என்றார்கள். மேலே இன்று மிஞ்சியிருக்கும் காட்டில் பெரும்பங்கு அதனால்தான் நிற்கிறது. வெட்டச் சொன்னதும் அவர்கள், வெட்டாதே என்றதும் அவர்கள். இடையில் கத்தி பிடித்தவன் நம்ம பாட்டன். இதைச் சொல்லாமல் "காட்டைக் காப்போம்" என்றால் உங்களையும் தொரையோட ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

---

ஊவா டீச்சர்:

பாடசாலைக்கு நீங்கள் ஒன்றும் பேசவே வேண்டாம் தங்கச்சி. லயத்துக்குத் தண்ணீர் வந்து விழும் பீலியைக் காட்டுங்கள்.

எங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் காற்று பிடித்தால் மானாப்புல் எரியும், பைன் எரியும். "மாட்டுக்குப் புதுப்புல் வரும்" என்று யாரோ வைக்கிற தீதான், தானாகப் பற்றுவதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், உங்கள் லயத்துப் பீலித் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, குழாயோடு நடந்து போய்ப் பார்த்துப் படம் வரைந்து வாருங்கள் என்றேன். வந்த படங்கள் எல்லாமே ஒரு சிறு காட்டுத் துண்டில் போய் முடிந்தன. ஒரு பையன் மட்டும் ஊற்றைச் சுற்றிக் கறுப்பு மை பூசியிருந்தான். கேட்டதற்கு, "போன வருஷம் எரிஞ்சிச்சு டீச்சர், இப்ப தண்ணி நூல் மாதிரிதான் வருது" என்றான். அந்தப் படத்தைப் பெற்றோர் கூட்டத்தில் மாட்டினேன். அன்று பேச்சாளர் யாரையும் கூப்பிடவில்லை.

---

காட்டுப் பக்கம்:

நான் இந்தத் துறையில் களவேலை செய்கிறவன், பெயர் வேண்டாம். கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன தேயிலை உவமை நல்லதுதான். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் அப்படித்தான், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். நட்டு, வளர்த்து, முறை வைத்து வெட்டலாம். மேலே முகில் உரசும் காடு அப்படியில்லை. மரம் கூனிக் குறுகி ஆமை வேகத்தில் வளர்கிறது, கிளையெல்லாம் பாசி. அந்தப் பாசியும் இலையும் பனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்குவது ஆற்றுக்குப் போகிறது. அதைக் கவ்வாத்துப் பண்ண முடியாது. உவமையை அப்படியே விட்டால் "அப்ப கொஞ்சம் கொஞ்சமா வெட்டலாம்தானே" என்று கேட்பார்கள். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நட்ட காடு வேறு, தானாக வந்த காடு வேறு என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். நட்டதை ஒழுங்காக வெட்டுவதே தானாக வந்ததைத் தொடாமல் இருக்கத்தான்.

அடுத்தது, சட்டத்தைச் சொன்னால் வழியையும் சொல்ல வேண்டும். ஒதுக்கக் காட்டில் அனுமதியில்லாமல் வெட்டுவதும், விறகு எடுப்பதும், தீ வைப்பதும் குற்றம். சரி, அப்படியானால் விறகுக்கு எங்கே போவது? 2022இல் கேஸ் இல்லாமல் டவுன்காரர்களே விறகு தேடி அலைந்ததைப் பார்த்தோம். லயத்தில் அது எல்லா வருஷமும் உள்ள கதை. தோட்ட நிர்வாகத்திடம் பேசி, தேயிலைக்கு நிழல் கொடுக்கும் சவுக்கின் கிளை வெட்டும் நாளையும் எடுக்கக்கூடிய இடத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். பலா, ஈரப்பலா வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும், அதற்குப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். லயத்துப் பின்னால் நிற்கும் பலாவை நட்டது தாத்தாவாகவே இருந்தாலும் காணி தோட்டத்துடையது, அங்கேயும் கேட்க வேண்டும். இதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று தலையாட்டிவிட்டு மேலே பேசுங்கள். மழுப்பினால் அத்தோடு கூட்டம் முடிந்தது.

---

நீலகிரிக்காரன்:

நாங்கள் இந்தப் பக்கம் "காப்புக்காடு" என்போம். உங்களுக்கு உதவுமா பாருங்கள்.

---

தலவாக்கலைப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டாவது கூட்டம் முடிந்தது.

படம், சுவர் எதுவும் இல்லை. ஒரு பெரிய தாளில் லயம், பீலி, பெக்டரி, கோயில் மட்டும் கீறிக்கொண்டு போய், விறகு எடுக்கிற இடத்தில் தேயிலைக் கொட்டை வையுங்கள் என்றேன். முதலில் ஒருத்தரும் அசையவில்லை. பிடித்துக் கொடுப்பேன் என்ற பயம். கோப்பிக் காலக் கதையைச் சொல்லி, கிளை வெட்டும் நாளைத் தோட்டத்தில் கேட்டு எழுதி வாங்கிய கடிதத்தையும் வாசித்த பிறகுதான் கொட்டை விழுந்தது. பாதிக்கு மேல் சவுக்குப் பக்கம். காட்டுக்குள் விழுந்தது ஒன்பது. அதில் நாலு, பீலியின் தலைமாட்டிலேயே. வைத்தவர்களே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த இடத்தில் "இது காப்புக்காடு" என்றேன். அதே அம்மாயி, "காப்பிக்காடா? அதுதான் அந்தக் காலத்திலேயே அழிஞ்சிருச்சே" என்றார். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு, மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவோமே, அந்தக் காப்பு என்றேன். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப காப்பு அவுக்கிறது எப்ப?" என்றார்.

அவிழ்ப்பதே இல்லை அம்மாயி என்றேன். தலைமாட்டில் கிடந்த ஒரு கொட்டையை எடுத்துச் சவுக்குப் பக்கம் நகர்த்தி வைத்தார். மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. சிங்களக் கிராமத்துக்கு வருகிற சனிக்கிழமை போகிறேன், தாளையும் கொட்டையையும் அங்கேயும் கொண்டுபோவதாக உத்தேசம்.