சூடானால் மட்டும் அடம்பிடிக்கும் இ.எஃப்.ஐ. அவுட்போர்டு: சென்சாரா, பெட்ரோலா?

வணக்கம். படகின் பின்னால் மாட்டியிருப்பது நான்கு ஸ்ட்ரோக் இ.எஃப்.ஐ. அவுட்போர்டு எஞ்சின்; அதாவது, பெட்ரோலை எவ்வளவு பீய்ச்சுவது என்பதை எஞ்சினின் கம்ப்யூட்டரே முடிவு செய்யும். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிப்பதில்லை. நன்றாக ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது!

முதலில் வெப்ப சென்சாரைச் சந்தேகப்பட்டேன். கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு, உப்புக் காற்றின் வேலை. களிம்பால் மின்தடை கூடினால், எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றிவிடுமே. துடைத்துவிட்டு அளந்தேன்: குளிரில் 2,500 ஓம் பக்கம், சூட்டில் 300 பக்கம். சூடு ஏற ஏறக் குறைவதுதான் முறை, அதனால் சென்சார் சரி என்றே படுகிறது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாருக்குக் கம்ப்யூட்டர் அனுப்பும் 5 வோல்ட்டும் வருகிறது. கம்ப்யூட்டரில் ஃபால்ட் கோடு (கோளாறு எண்) எதுவும் இல்லை.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஈரமே இல்லை, காய்ந்து கிடக்கிறது. அப்படியென்றால் பெட்ரோலே உள்ளே போகவில்லை.

மிச்சமிருப்பது இரண்டு. ஒன்று, எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் கம்பிச் சுருள் சூட்டில் தொடர்பு அறுந்துபோகிறது. சிக்னல் இல்லாவிட்டால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் திறக்காது, ஸ்பார்க்கும் வராது. இல்லையென்றால், பெட்ரோலிலிருந்து ஆவியைப் பிரிக்கும் சின்ன வேப்பர் செப்பரேட்டர் தொட்டியில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுக்கிறது.

அடுத்த முறை மக்கர் செய்யும்போது ஸ்பார்க்கை முதலில் பார்ப்பதா, ஃபியூயல் பிரஷரையா? கிராங்க் சென்சாரைக் கழற்றாமலே சூட்டில் சோதிக்க வழி உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரை மாற்று என்பதைத் தவிர எதுவானாலும் சரி.