வேற்றுலகவாசிகள்தான் அனுப்பினார்கள் என்று கிட்டத்தட்ட நம்ப வைத்த ரேடியோ சிக்னல்: உங்களை இன்னும் உறுத்துவது எது?

வானலை:
எனக்கு பிஎல்சி1தான், பிரேக்த்ரூ லிசன் என்ற வேற்றுலக சிக்னல் தேடும் திட்டத்தில் அகப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கித் தட்டு, 2019 ஏப்ரல், சூரியனுக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி, 982.002 மெகாஹெர்ட்ஸ். தட்டு நட்சத்திரத்தைப் பார்த்தால் அந்த அதிர்வெண்ணில் கோடு போல் சிக்னல் இருக்கிறது, விலக்கினால் இல்லை, திருப்பினால் மறுபடி இருக்கிறது. பல மணி நேரம் இப்படியே. அகலம் சில ஹெர்ட்ஸ். இயற்கை அவ்வளவு மெல்லிய கோடு போடுவதில்லை. அதே டேட்டாவில் வேறு அதிர்வெண்களில் அதே சாயலில் அறுபதுக்கும் குறையாத கோடுகள் அகப்பட்ட பிறகுதான் கதை முடிந்தது. அவற்றுக்கு நடுவே இருந்த இடைவெளி, மின்னணுக் கருவிகளின் கடிகார அலையியற்றி அதிர்வெண்களின் மடங்கு. இரண்டு உள்ளூர் அலைகள் கலந்து பிறந்த போலி அது. அனுப்பிய கருவி எது என்பது இன்றுவரை தெரியவில்லை, அதுதான் உறுத்துகிறது.

இரண்டாம்கொம்பு:
பிஎல்சி1க்காவது விடை கிடைத்தது. 'வாவ்' சிக்னலுக்கு? 1977 ஆகஸ்ட் 15, அமெரிக்காவின் ஒஹாயோவில் இருந்த பிக் இயர் ரேடியோ தொலைநோக்கி. அந்தத் தொலைநோக்கி நகராது. பூமி சுழலச் சுழல வானம் அதன் முன் கடந்து போகும். ஒரு விண்மீன் கடக்க 72 நொடி. சிக்னலின் வலுவைக் காட்ட கணினி அச்சிட்ட 6EQUJ5 என்ற ஆறு குறியும் அதே 72 நொடியில் ஏறி இறங்கின, ஒவ்வொன்றும் 12 நொடிக்கு. ஆனால் அங்கே சிக்னலை வாங்க அருகருகே இரண்டு கொம்பு வடிவ ஆண்டெனாக்கள். சுமார் மூன்று நிமிட இடைவெளியில் இரண்டிலும் வந்திருக்க வேண்டியது ஒன்றில்தான் வந்தது. எதில் என்றுகூடச் சொல்ல முடியாது, இரண்டின் வித்தியாசத்தைத்தான் கணினி அச்சிட்டது.

தட்டு43:
மேலே உள்ளவரோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒருமுறை வந்து போனதை யாராலும் சோதிக்க முடியாது. 1997 ஜூனில் அமெரிக்காவின் கிரீன் பேங்க் 43 மீட்டர் தட்டில், இதே தேடலில் இருந்த ஃபீனிக்ஸ் குழு பிடித்தது இதைவிட நம்பும்படி இருந்தது, விலக்கினால் மறையவும் செய்தது. ஜார்ஜியாவில் இருந்த இரண்டாவது தட்டு அன்று பழுது. கடைசியில் பார்த்தால் சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலம், பக்கக் கதிர் வழியாக, அதாவது தட்டு நோக்காத திசையிலிருந்து, உள்ளே வந்திருந்தது. தொலைவில் இன்னொரு தட்டு கூடவே கேட்டிருந்தால் உடனே பிடிபட்டிருக்கும்: இரண்டு இடத்திலும் பூமியின் சுழற்சி வேகம் வேறு, ஆகவே டாப்ளர் நகர்வும் (அசைவால் அதிர்வெண் மாறுவது) வேறு.

சேனல்2.79:
போலிகளைப் பற்றியே பேசுகிறோம். தவறவிட்டவற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே! பிரேக்த்ரூ லிசன் டேட்டாவை இறக்கி, அதில் நகரும் மெல்லிய சிக்னல்களைத் தேடும் டர்போசெட்டி மென்பொருளை ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள். சேனல் அகலம் 2.79 ஹெர்ட்ஸ், ஒரு பதிவு சுமார் 18 நொடி. வகுத்துப் பாருங்கள்: அதிர்வெண் நகர்வு நொடிக்கு 0.15 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சிக்னல் ஒரு பதிவுக்குள்ளேயே பக்கத்துச் சேனலுக்குக் கசிகிறது. நொடிக்கு 1 ஹெர்ட்ஸ் என்றால் ஆறேழு சேனல். பின்னணி இரைச்சலுக்கு மேலான சிக்னலின் உயரம் அதே அளவுக்குச் சரியும். இரைச்சலைப் போல் 10 மடங்கு என்று வரம்பு வைத்துத் தேடினால் 60 மடங்கில் வந்ததுகூடக் கண்ணில் படாது. பரிகாரம் எளிது. பக்கத்துச் சேனல்களை இரண்டிரண்டாகக் கூட்டி மறுபடி தேடுங்கள், பிறகு நான்கு நான்காக. ஒவ்வொரு கூட்டலிலும் இழப்பு 1.4 மடங்குதான். இந்தச் சிறு சேனல்கள் பல அடங்கிய ஒவ்வொரு பெரிய சேனலின் நட்டநடுவே வரும் கூர்முனை கருவியின் கோளாறு, அதை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

வழக்கமான தேடல் நொடிக்கு 4 ஹெர்ட்ஸோடு நிற்கிறது. தன் சூரியனை ஒட்டிச் சுற்றும் கோள்களையும் கணக்கில் எடுத்தால் 1 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 200 ஹெர்ட்ஸ் வரை போக வேண்டும் என்று 2019இலேயே ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. அந்தப் பகுதியைக் கேட்காமலே 'யாரும் இல்லை' என்கிறோம்.

இரண்டாம்கொம்பு:
சரி, ஆனால் நகர்வு மட்டுமா? 2017இல் வெளியான பிரேக்த்ரூ லிசனின் 692 நட்சத்திரத் தேடலில் பிடிபடக் குறைந்தபட்சம் தேவைப்பட்டதே, அரெசிபோ தொலைநோக்கியில் இருந்த மிக வலுவான ரேடார் அளவு ஆற்றல். அப்படியொன்றை அவர்கள் நம் பக்கம் திருப்பி, நாம் கேட்ட அந்தச் சில நிமிடங்களில் அனுப்பியிருக்க வேண்டும். தொலைக்காட்சிக் கசிவெல்லாம் அந்த வரம்புக்கு வெகு கீழே.