கணித ஆசிரியர் மாறுதலில் சென்றுவிட்டார். என்எம்எம்எஸ் பயிற்சியை எப்படித் தொடர்வது?

கேள்வி: வைகைக்கரை

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் எட்டு ஆண்டுகள் பணியாற்றிய கணிதப் பட்டதாரி ஆசிரியர், இந்த ஆண்டுப் பொது மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்தில் இடம் கிடைத்துச் சென்றுவிட்டார். பாடவேளைகளை மற்ற ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டு சமாளிக்கிறார்கள். என் கவலை வேறு. காலை எட்டேகாலுக்கே வந்து, வேப்பமரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்துவைத்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஐந்து எண் தொடர் கணக்குகள் என்று அவர் நடத்திவந்த என்எம்எம்எஸ் (மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு) பயிற்சி நின்றுபோயிற்று. அவர் வருவதற்கு முன் எங்கள் பள்ளியிலிருந்து ஒருவர்கூட அந்த உதவித்தொகைக்குத் தேர்வானதில்லை; சென்ற ஆண்டு நான்கு பேர் தேர்வானார்கள். இப்போது அதே காலை நேரத்தில் கலைத் திருவிழா ஒத்திகை நடக்கிறது. என் மகளும் வில்லுப்பாட்டுக் குழுவில் இருக்கிறாள்.

முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்து அவரைத் திரும்ப அழைக்கலாம் என்று பெற்றோர் சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில் நானும் கையெழுத்திடுவது சரியாக இருக்குமா?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

கையெழுத்திட வேண்டாம் என்பது என் கருத்து. 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பகவானை மாணவர்கள் கட்டிப்பிடித்து அழுது போகவிடாமல் தடுத்ததும், அவருடைய மாறுதல் சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். உங்கள் ஊர்ப் பெற்றோரும் அதை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அது பணி நிரவலில், அதாவது உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிக்கு அனுப்பும் ஏற்பாட்டில், துறையே செய்த மாறுதல். உங்கள் ஆசிரியரோ தாமே விண்ணப்பித்து, எட்டு ஆண்டுகள் குடும்பத்தைப் பிரிந்திருந்தபின் ஊர் திரும்பியிருக்கிறார். அன்பின் பேரில் அவருக்குத் தொல்லை கொடுப்பது முறையாகாது.

மனு எழுதத்தான் வேண்டுமென்றால் காலிப் பணியிடத்தை நிரப்பக் கேட்டு எழுதுங்கள். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு அனுமதித்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் தொகுப்பூதியமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய ஏற்பாட்டுக்கு இப்போது வழி உண்டா என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றி அனுப்புங்கள்.

பதில்: அறிவியல் ஆசிரியை

கணித ஆசிரியர் இல்லாவிட்டால் என்எம்எம்எஸ் இல்லை என்று எல்லோரும் நினைப்பதுதான் முதல் தவறு. மனத்திறன் தாளில் 90 வினாக்கள், படிப்பறிவுத் தாளில் 90 வினாக்கள். இரண்டாவது தாளில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணிதத்துக்கு 20தான். மனத்திறன் தாளுக்குத் தேவை பழைய வினாத்தாள்களும், ஒவ்வொரு நாளும் விடாமல் உட்கார்ந்து போடுகிற பழக்கமும். எங்கள் பள்ளியில் அந்த வேலையைப் பார்ப்பவர் தமிழாசிரியர்! தொடர் வினாக்களைப் பிள்ளைகளைக் கொண்டே பலகையில் விளக்கச் சொல்வார். தவறாகப் போட்டவர்தான் முதலில் எழுந்து வர வேண்டும்.

கலைத் திருவிழாவை மட்டும் குறைத்துவிடாதீர்கள். மேடையேறிய பிள்ளைக்குத் தேர்வறையில் பயம் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

பதில்: முன்னாள் மாணவன்

நான் அந்த உதவித்தொகையில் படித்தவன். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 12,000. தேர்வானவுடன் பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்துவார்கள். அதன்பின் ஆண்டுதோறும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். என்னோடு தேர்வான ஒரு நண்பன் ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறியதால் முழுத்தொகையையும் இழந்தான். அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ தொடர்ந்தால்தான் கிடைக்கும். சென்ற ஆண்டு தேர்வான நால்வரும் புதுப்பித்துவிட்டார்களா என்று இந்த வாரமே பாருங்கள்.

வைகைக்கரை (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. மனுவில் கையெழுத்திடவில்லை. நால்வரில் ஒருவர் புதுப்பிக்காமலே இருந்தார். வங்கிக் கணக்குடன் ஆதார் இணையாததுதான் காரணம். நாளை அவருடைய தாயுடன் வங்கிக்குச் செல்கிறேன்.

ஆசிரியரிடம் நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். பழைய வினாத்தாள்கள் ஆய்வக பீரோவின் மேல் அரிசிச் சாக்கில் இருக்கின்றன என்றார். இருந்தன, அடியில் சில தாள்களை மட்டும் கரையான் அரித்திருந்தது. சமூக அறிவியல் ஆசிரியை காலைப் பயிற்சியை ஏற்றுக்கொண்டார். வில்லுப்பாட்டு ஒத்திகையை மாலைக்கு மாற்றத் தலைமையாசிரியரும் இசைந்துவிட்டார். ஐந்தேகால் பேருந்தை விட்டால் அடுத்தது ஏழு மணிக்குத்தான் என்பதால், வெளியூர்ப் பிள்ளைகள் மூவருக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.